தையல் மெசினுக்கு முன்னே கடதாசியும் ஊசியும்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உதவி செய்ய வருபவர்கள் ஆண்களுக்கு மண்வெட்டியும் நீரிறைக்கும் இயந்திரமும், பெண்களுக்குத் தையல் மெசினும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு வருவது நெடுங்கால வழக்கம். மெசின் கெட்ட பொருள் அல்ல. ஆனால் அதை வைக்க ஒரு நிலையான தளம் வேண்டும். மழை ஒழுகாத கூரை வேண்டும். பட்டி அறுந்தால் மாற்றவும் எண்ணெய் வாங்கவும் கையில் காசு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தைப்பதற்குத் துணியும் தைத்துத் தரச்சொல்லி வரும் ஆட்களும் வேண்டும். ஒரே குடியேற்றத்தில் இருபது மெசின்களைக் கொடுத்துவிட்டு, இருபது பேரும் ஒருவருக்கொருவர் சட்டை தைத்துப் பிழைப்பார்கள் என்று எதிர்பார்ப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் ஓட வேண்டி வந்தபோது முதலில் கைவிடப்பட்ட பாரமும் பல வீடுகளில் அந்த மெசின்தான். 1990இலும் 1995இலும் 2009இலும் மூட்டை கட்டியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

மெசின் வரும்வரை காத்திராமல், வந்தாலும் அதை நம்பியிராமல், ஒரு ஊசியோடும் பழைய கொப்பி மட்டையோடும் தொடங்கக்கூடிய கைவேலை ஒன்று உண்டு. கடதாசியை உள்ளே வைத்துத் துணித்துண்டுகளை மடித்து, அவற்றை விளிம்போடு விளிம்பாக இணைத்து விரிப்பும் போர்வையும் ஆக்கும் வேலை அது. எமது மாதர் சங்கங்களும் ஆலயக் குழுக்களும் தையல் வகுப்பை இதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். அதற்கான காரணங்களையும், இதில் நான் காணும் ஆபத்துக்களையும் சொல்கிறேன்.

இந்த முறை வளர்ந்த இடம் இங்கிலாந்து. 'ஈ எச்' என்ற இரண்டு எழுத்துக்களும் 1718 என்ற ஆண்டும் தைக்கப்பட்ட ஒரு பட்டுத் துண்டுப் போர்வை அங்கே இன்றும் இருக்கிறது. அதைத் தைத்தவர் உள்ளே வைத்த கடதாசிகள் முந்நூறு வருடங்களுக்குப் பிறகும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பழைய கடிதங்கள், கணக்குப் புத்தகத் தாள்கள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வெட்டி வைப்பது அக்காலப் பெண்களின் வழக்கம். இப்போது அந்தத் தாள்களில் உள்ள எழுத்தைப் பார்த்துத்தான் பல போர்வைகளின் காலத்தை ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

நாம் சீத்தை என்று சொல்லும் பூப்போட்ட பருத்தித்துணிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் போன அச்சிட்ட துணி இங்கிலாந்தில் கம்பளி, பட்டு நெசவாளரின் பிழைப்பைக் கெடுக்கிறது என்று சொல்லி, அச்சிட்ட பருத்தித்துணியை உடுப்பதையும் வீட்டில் பாவிப்பதையும் 1721இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அந்தத் தடை 1774 வரை நீடித்தது. கிடைத்தற்கரிய துணியின் சிறு துண்டைக்கூட எறியாமல் சேர்த்துத் தைக்கும் பழக்கம் ஊன்றியதற்கு இப்படியான அருமையும் ஒரு காரணம். எமது கரையிலிருந்து போன துணிதான் அங்கே துண்டு துண்டாகப் போற்றப்பட்டது என்பதை, ஒட்டுப்போட்ட துணி என்றால் முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

முகம் சுளிப்பதில் நியாயமும் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர்களில் ஒட்டுப்போட்ட உடுப்பு வறுமையின் அடையாளம். நிவாரணத்தில் வந்த அளவில்லாச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்ற பெண்ணிடம் போய், கந்தலைச் சேர்த்துப் போர்வை தை என்று சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். ஆகவே வகுப்பைத் தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழிசலை மூடுவது ஒட்டு. இதுவோ அளவெடுத்து, நிறம் பார்த்து, கோலம் கட்டுவதுபோல ஒன்றை ஒன்றோடு பொருத்துவது. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுபவருக்கும், பன்னவேலையில் ஓலையை எண்ணி எடுத்துப் பெட்டி இழைப்பவருக்கும் இந்தக் கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. வெளியூரிலிருந்து ஒரு ஆசிரியை வந்து புதிதாகப் புகட்ட வேண்டியது மிகக் குறைவு.

இனி வேலைக்கு வருவோம். தொடங்குவதற்கு எளிதான உருவம் ஆறு பக்கமும் சமமான அறுகோணம், அதாவது தேன்வதையின் கண். பிள்ளையின் கணிதப் பெட்டியில் உள்ள கவராயத்தை இரண்டு அங்குலத்துக்கு விரித்து ஒரு வட்டம் கீறுங்கள். விரித்த அளவை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பில் ஆறு இடத்தில் குறியிட்டால் ஆறாவது அடி தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். குறிகளை நேர்கோட்டால் இணைத்தால் பக்கம் இரண்டு அங்குலமான அறுகோணம் கிடைக்கும். இதை ஒரு தடித்த மட்டையில் அல்லது பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் தாய் அச்சு. மற்ற எல்லாக் கடதாசிகளையும் அதை வைத்தே கீற வேண்டும். வெட்டிய கடதாசியை வைத்து அடுத்ததைக் கீறினால் ஒவ்வொன்றும் மயிரிழை அளவு பெருத்துக்கொண்டே போய், கடைசியில் எதுவும் பொருந்தாது.

கடதாசி எப்படியானது? பத்திரிகைத் தாள் மிக மெல்லியது, மடிப்பைத் தாங்காது. பெட்டி மட்டை மிகத் தடிப்பு, ஊசி இறங்காது. கொப்பி மட்டை, பழைய கலண்டர்த் தாள், கலியாணக் காட் ஆகியவை நல்லவை. ஒரு கடதாசியை மூன்று நாலு தடவை பாவிக்கலாம்.

துணியில் பருத்திதான் சிறந்தது. நைந்த சேலையின் கரைப்பக்கம், சாரத்தின் கிழியாத பகுதி, பாடசாலைச் சீருடை தைத்து மிஞ்சிய வெள்ளைத் துண்டு, தையற்கடையில் கூட்டித் தள்ளும் வெட்டுத்துண்டு எல்லாம் ஆகும். ரீசேட் துணி இழுபடும், அதை விட்டுவிடுங்கள். ஆடைத்தொழிற்சாலைக் கழிவு மூட்டையாகக் கிடைத்தாலும் அதில் பெரும்பங்கு இந்த இழுபடும் துணியாக இருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் ஏற்றுக்கூலி கொடுக்காதீர்கள். பழைய துணியோடு புதுத்துணியைச் சேர்ப்பதானால் புதியதை முதலில் நனைத்துக் காயவிட வேண்டும். கோடித்துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப்போட்டால் என்ன ஆகும் என்று ஆண்டவர் சொன்ன உவமை மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம்; தையற்காரிக்கு அது நேரடியான தொழில் அறிவுரையும்கூட.

கடதாசியைத் துணியின் பின்புறத்தில் வைத்து, சுற்றிவரக் கால் அங்குலம் கூட்டித் துணியை வெட்டுங்கள். நாலே முக்கால் அங்குல நீளமும் நாலங்குல அகலமுமான துண்டு ஒன்றுக்குப் போதும். கூட்டிய விளிம்பைக் கடதாசியின் மேல் இறுக்கி மடித்து, துணியையும் கடதாசியையும் சேர்த்துப் பெரிய தையலாக ஒரு சுற்றுத் தையுங்கள். இது பிறகு அறுத்தெடுக்கும் தற்காலிகத் தையல். மிஞ்சிய நூல் எந்த நிறமானாலும் சரி. மூலைகளில் மடிப்பு கூராக விழுவதில்தான் வேலையின் அழகு இருக்கிறது. இப்படி ஏழு துண்டு ஆனதும் இரண்டை நல்லபக்கம் உள்ளே பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு பக்கத்தின் விளிம்பை மட்டும் மேலாகச் சுற்றித் தையுங்கள். ஊசி மடித்த துணியின் ஓரத்து இழைகளை மாத்திரம் பிடிக்க வேண்டும், கடதாசிக்குள் போகக்கூடாது. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையலாவது இருந்தால் துவைக்கும்போது விடாது. நடுவில் ஒன்று, சுற்றிவர ஆறு என்று சேர்ந்தால் ஒரு பூ. ஒரு துண்டின் ஆறு பக்கமும் இணைந்து முடிந்ததும் அதன் தற்காலிகத் தையலை அறுத்துக் கடதாசியை இழுத்து எடுத்துவிடலாம். ஓரத் துண்டுகளில் மட்டும் கடைசிவரை இருக்கட்டும்.

கடதாசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பழைய துணி கோணலாக வெட்டுப்பட்டால் இழுபட்டு உருமாறும். கடதாசி உள்ளே இருக்கும்வரை அது அசையாது. கை பழகாதவருடைய துண்டும் கை தேர்ந்தவருடைய துண்டும் ஒரே அளவில் வந்து பொருந்துவதற்கு அதுதான் காரணம். பாட்டியும் பேத்தியும் ஒரே போர்வையில் வேலை செய்யலாம். (கடதாசியின்மேல் நேரே மெசினால் தைத்துப் பிறகு கிழித்தெடுக்கும் இன்னொரு முறையும் உண்டு. மெசின் உள்ளவர்கள் அதைப் பின்னர் பழகிக்கொள்ளலாம்.)

முதல் வேலையாகக் கட்டில் விரிப்பை எடுக்க வேண்டாம். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி 6, பிறகு 12, பிறகு 18 என்று 37 துண்டு சேர்த்தால் ஏறக்குறைய இரண்டடி அகலம் வரும். குழந்தையைக் கிடத்த ஒரு விரிப்புக்கு அது போதும். பின்னால் ஒரு பழைய நூற்சேலையை இரண்டாக மடித்து வைத்து, எல்லாப் படையையும் சேர்த்துச் சிறு ஓட்டத் தையலால் பிடித்துவிடுங்கள். எங்கள் வெக்கைக்கு உள்ளே பஞ்சு வைக்கத் தேவையில்லை. மலைநாட்டில் இருப்பவர்கள் சேலையை நாலாக மடிக்கலாம்.

இந்த இடத்தில் பேனையை எடுத்துக் கணக்கொன்று பார்க்க வேண்டும். ஏனென்றால் கைவேலை என்றதும் வருமானம் என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமுமான கட்டில் விரிப்புக்கு, இரண்டங்குலப் பக்கமுள்ள அறுகோணம் ஏறத்தாழ 520 வேண்டும். வெட்டி, மடித்து, இணைக்க ஒரு துண்டுக்கு 15 நிமிடம் என்று வைத்தால் 130 மணித்தியாலம். எட்டு மணி வேலைநாளாகப் பார்த்தால் 16 நாள் கூலி. ஓரங்குலப் பக்கமுள்ள துண்டில் செய்தால் 2,000க்கு மேல் வேண்டும்; துண்டுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 43 நாள் கூலிக்குக் குறையாது. பின்துணி வைத்துத் தைப்பது இதில் சேரவில்லை. உங்கள் பக்கத்தில் வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போனால் ஒரு நாளைக்கு என்ன கொடுப்பார்களோ அதை 16ஆலோ 43ஆலோ பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையைச் சொன்னதும் கண்காட்சிக்கு வந்தவர் விரிப்பைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். போகட்டும். அதில் கால்வாசிக்கு விற்று, விற்பனையானது என்று அறிக்கை எழுதுவதைவிட அந்த விரிப்பு வீட்டிலேயே இருப்பது மேல். விற்பதென்றால் சிறிய பொருளை விற்கலாம்: கைப்பிடித் துணி, செபப்புத்தக உறை, தலையணை உறையின் நடுப்பூ. விரிப்பு வீட்டுக்கு.

கூட்டாக விற்றவர்களின் அனுபவம் அமெரிக்காவில் இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் வில்கொக்ஸ் மாவட்டத்தில், கீஸ் பெண்ட் முதலிய ஊர்களில் கறுப்பினக் கமக்காரப் பெண்கள் பழைய வேலை உடுப்புக்களைக் கிழித்துப் போர்வை தைத்து வந்தார்கள். அவர்கள் கடதாசி வைத்துத் தைத்தவர்கள் அல்லர். பெரும் பட்டைகளாக இணைத்தவர்கள். அறுபதுகளில் வாக்காளராகப் பதியப் போனதற்காகப் பல குடும்பங்கள் குத்தகைக் காணியிலிருந்து வெளியேற்றப்பட்டன. 1966இல் எபிஸ்கோப்பல் திருச்சபைக் குருவான பிரான்சிஸ் வால்ட்டர் துணைநிற்க அப்பெண்கள் ஒரு தையற் கூட்டுறவை அமைத்தார்கள். நியூயோர்க்கில் போர்வைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. பெரிய கடைகள் கட்டளை கொடுத்தன. வந்த பணத்தில் கூட்டுறவு 23 ஏக்கர் காணி வாங்கி, 1969இல் தையற்கூடம் கட்டியது. வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு வீடு கட்ட அதே காணியிலிருந்து துண்டுகளை விற்றது.

இந்தக் காணி விடயத்துக்காகவே அவர்களை இங்கே குறிப்பிடுகிறேன். தையலைக் காணிக்குப் பதிலாக அவர்கள் ஏற்கவில்லை. தையலால் காணிக்குப் போனார்கள். எங்கள் நாட்டிலோ, வயலும் தோட்டமும் கிணறும் வேலிக்கு அப்பால் இருக்க, இப்பால் உள்ளவர்களுக்கு ஊசியும் நூலும் கொடுத்துவிட்டு வாழ்வாதாரம் வழங்கப்பட்டது என்று பதிவு செய்யும் வழக்கம் இருந்திருக்கிறது. கமக்காரக் குடும்பத்துக்கு வாழ்வாதாரம் மண்தான். கைவேலை வகுப்பின் புகைப்படத்தைக் காட்டிக் காணிக் கோரிக்கையைப் பின்தள்ள எவரேனும் முயன்றால், அந்த வகுப்பை நடத்தும் அருட்சகோதரிகளும் குருக்களுமே முதலில் எழுந்து மறுக்க வேண்டும்.

அக்கூட்டுறவின் கதையில் கசப்பும் உண்டு. கடைகளுக்கு எல்லாம் ஒரே மாதிரி வேண்டும். மனம்போனபடி நிறம் சேர்த்த பெண்கள், சொல்லப்பட்ட அளவிலும் சொல்லப்பட்ட துணியிலும் தலையணை உறை தைக்க வேண்டியதாயிற்று. பின்னர் 2002இல் கீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் நகர நுண்கலை நூதனசாலையில் காட்சிக்கு வந்து உலகப் புகழ் பெற்றன. 2007இல் தைத்தவர்களில் சிலர் தமக்கு உரிய பங்கு வரவில்லை என்று வழக்குத் தொடர்ந்தார்கள். அடுத்த வருடம் அது இணக்கமாக முடிந்தது. கோலம் யாருடையது, புகைப்படம் யாருடையது, விற்ற பணத்தில் தைத்தவருக்கு எவ்வளவு என்பதை முதல் ஊசி குத்துவதற்கு முன்பே சங்கக் கொப்பியில் எழுதிக் கையொப்பம் வைப்பது நல்லது. சிநேகிதத்துக்குள் எழுத்து எதற்கு என்பார்கள். சிநேகிதம் கெடாமல் இருக்கத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, வருமானம் இல்லையென்றால் எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். சிங்கப்பூர் 1942இல் யப்பானியரிடம் வீழ்ந்தபோது பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கி சிறையில் அடைத்தார்கள். அங்கே எலிசபெத் எனிஸ் என்பவர் எட்டு முதல் பதினாறு வயதுவரையான ஏறக்குறைய இருபது சிறுமிகளைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். வாரத்துக்கு ஒருமுறை முற்றத்தின் ஒரு மூலையில் கூடுவார்கள். அந்தச் சிறுமிகள் அவருடைய பிறந்தநாளுக்கென்று, கிடைத்த துணித்துண்டுகளில் இதே அறுகோணப் பூக்களைத் தைத்துத் தம் பெயர்களையும் பதித்து ஒரு போர்வை செய்தார்கள். அது இப்போது இலண்டனில் உள்ள இம்பீரியல் போர் நூதனசாலையில் இருக்கிறது. பசியையோ பயத்தையோ அது போக்கவில்லை. ஆனால் முகாமில் பொழுது என்பது எவ்வளவு பெரிய பாரம் என்று இருந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்கு வரிசை, பங்கீட்டுக்கு வரிசை, பதிவுக்கு வரிசை. அவற்றுக்கு நடுவே தன் கையால் தொடங்கித் தன் கையால் முடிக்கும் ஒரு வேலை மடியில் இருப்பது சிறிய விடயம் அல்ல. வரிசையில் நின்றபடியும் ஒரு துண்டு மடிக்கலாம். மூட்டை கட்ட வேண்டி வந்தால் சொப்பின் பைக்குள் முழு வேலையும் அடங்கும்.

கைதிப் பெண்களுக்கும் இதைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். குவேக்கர் சபையைச் சேர்ந்த எலிசபெத் பிறை அம்மையாரின் பெண்கள் சங்கம், அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் கப்பலேறும்போது ஒரு பை கொடுத்தது. அதற்குள் வேதாகமம், 100 ஊசி, நூல், கத்தரிக்கோல், இரண்டு இறாத்தல் துணித்துண்டு. தேவையானவர்களுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி. 1841இல் 'ராஜா' என்ற கப்பலில் போன பெண்கள் வழியிலேயே 2,815 துண்டு இணைத்து ஒரு பெரும் விரிப்பை முடித்தார்கள். அது கன்பராவில் உள்ள தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் என்னைக் கவர்ந்தது மூக்குக்கண்ணாடிதான். எமது திட்டங்களில் துணிக்கும் பயிற்றுநருக்கும் தேநீருக்கும் தொகை எழுதுகிறோம். நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஊசிக்கண் தெரியுமா என்று கேட்பதில்லை. வகுப்புக்கு வராமல் நின்றுவிடும் பலருக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிவிடுகிறோம். வாசிப்புக் கண்ணாடி நாலைந்தை வாங்கி மாறி மாறிப் பாவிக்க வைத்தாலே அவர்களில் அரைவாசிப்பேர் திரும்பி வருவார்கள் என்பது என் நம்பிக்கை. இரவில் குப்பிவிளக்கில் தைக்கச் சொல்லவும் வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், ஆலய விறாந்தையில் வெளிச்சம் உள்ள பக்கமாகப் பாயை விரித்தால் போதும். பத்துப் பேருக்கு நாலு கத்தரிக்கோல், ஆளுக்கு இரண்டு ஊசி, இரண்டு கட்டை நூல், ஒரு கவராயம். கடதாசி வெட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஆண்பிள்ளைகளிடமும்தான்.

விரிப்பு முடிந்ததும் பின்பக்க மூலையில் தைத்தவருடைய பெயரின் முதலெழுத்து, ஆண்டு, ஊர் மூன்றையும் தைத்துவிடுங்கள். ஊர் என்னும்போது இப்போது இருக்கிற குடியேற்றத்தின் பெயரையா, விட்டு வந்த ஊரின் பெயரையா என்று கேட்பீர்கள். இடம் இருக்கிறது, இரண்டையும் தைக்கலாம்.